இடவப்பாதிக் கடலில் இரண்டு படகுகள்

விழிஞ்ஞம் துறைமுகத்தில் அந்த இரண்டு படகுகளையும் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஒன்று சாம்பல் நிறம், கனத்த உடம்பு. மூக்கைத் தூக்கிக்கொண்டு எதையோ முகர்வதுபோல நின்றது. மற்றது வெள்ளை. தாழ்ந்து, நீண்டு, கடையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் புதுச் செருப்புபோல இருந்தது. இவற்றில் ஒன்றை இத்தனை வருடம் நினைத்துக்கொண்டே இருப்பேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவள். எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில். கடல் என்றால் சங்குமுகத்தில் சாயங்காலக் காற்று வாங்குவது என்று மட்டும் அறிந்த குடும்பத்தில் ஒருத்திக்கு இந்தப் படிப்பில் எப்படி ஆசை வந்தது என்பது அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. தம்பானூரில் ஒரு மாடியில் இயங்கிய சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. படகு வாங்க நினைப்பவர்களுக்காகப் படகுகளை ஓட்டிப் பார்த்து, எதை வாங்கலாம் என்று சொல்வது எங்கள் வேலை. அந்த முறை வந்தவர் கடற்கரை விடுதிகள் நடத்துபவர். குளிக்கப் போய்க் கடல் இழுத்துக்கொண்டு போகிறவர்களை மீட்க வேகமான ஒரு படகு வேண்டும், மழைக்காலத்திலும் அது தயங்காமல் வெளியே போகவேண்டும் என்றார். இரண்டு படகு கட்டும் நிறுவனங்கள் ஆளுக்கொன்றை அனுப்பியிருந்தன.

அவற்றை ஓட்டிப் பார்க்கவேண்டியவர் எங்கள் அலுவலகத்தின் ஓட்டுநர். கடற்படையில் வேகப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிட நன்றாக மூத்தவர். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்தான். ஆனால் அலுவலகம் முழுக்க அவரை மலையாள வழக்கில் சேட்டன், அதாவது அண்ணன், என்று அழைத்ததால் எனக்கும் அவர் சேட்டன் ஆனார். என்னை அவர் எஞ்சினியரே என்று கூப்பிடுவார். கேலியும் மரியாதையும் அதில் சரிபாதி இருக்கும்.

சாம்பல் படகின் அடிப்பாகம் கோடரியின் வாய்போலக் கூராக இறங்கும். அலையை வெட்டிக்கொண்டு போவதற்காக அப்படி. வெள்ளையின் அடியில் குறுக்காக இரண்டு படிகள் வெட்டியிருந்தார்கள். வேகம் எடுக்கும்போது அந்தப் படிகள் வழியாகக் காற்று அடியில் புகும். அடிப்பாகத்தில் பெரும்பகுதி தண்ணீரைத் தொடாமலே ஓடும். தொடாத இடத்தில் உராய்வு இல்லை. காகிதத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியும். கல்லூரியில் இதற்குப் பரீட்சையே எழுதியிருக்கிறேன்.

மீன மாதத்து வெயிலில், அதாவது பங்குனியில், கடல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். முதலில் சாம்பல். நல்ல வேகம். திருப்பினால் திரும்பியது, நிறுத்தினால் நின்றது. எழுதிக்கொண்டேன். பிறகு வெள்ளையில் ஏறினோம். சேட்டன் எரிபொருள் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளினார். படகின் அடியில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. நின்றேவிட்டது. இயந்திரத்தின் உறுமலும் காதில் காற்றும் மட்டும்தான். கோவளத்துப் பாறைகள் எங்களைப் பார்த்து ஓடி வந்தன. நான் வேகமானியைப் பார்க்கவேண்டியவள். பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன எஞ்சினியரே, சிரிக்கிய?" என்று கத்தினார் சேட்டன்.

"தெரியலை சேட்டா. தானா வரது!"

"எனக்கும் வருது. ஆபீஸ்ல சொல்லிராதீங்க."

திரும்பும்போது மட்டும் படகின் பின்பக்கம் கொஞ்சம் வெளியே வழுக்கியது. அவர் முகம் மாறியது. "வாலு நிக்க மாட்டேங்கு, கண்டியளா?" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் அந்தப் படகை வெள்ளைக்காரி என்றார். நானும் அப்படியே சொல்லப் பழகினேன்.

வேகம் தெரிந்துவிட்டது. கொந்தளிக்கும் கடலில் எது தாங்கும் என்பதுதான் இனித் தெரியவேண்டியது. அதற்கு இடவப்பாதி, அதாவது வைகாசி நடுவில் தொடங்கும் பருவமழைக்காலம், வரவேண்டும், மழையும் தெற்கிலிருந்து பெரிய அலைகளும் வரவேண்டும். படகுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெள்ளைக்காரி அலைமேல் எப்படி எழும்புவாள், விழும்போது உடம்பில் அது எப்படித் தெரியும் என்று நான் பஸ்ஸில் போகும்போதுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்குச் சற்று முன்னால் நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து வந்த குழந்தை. நானும் கணவரும் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ கூப்பிட மறந்து நின்றோம். அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து முதலில் சொன்னது இதைத்தான்: "இனி அந்தப் படகுக்கொண்ணும் போகண்டாம், கேட்டியா? ஆபீஸ்ல சொல்லிடு."

"சொல்லியாச்சும்மா."

"சொல்லியாச்சா? நெஜம்மாவா?" அம்மாவால் நம்ப முடியவில்லை.

என்னைத் தடுக்க யாரும் தேவைப்படவில்லை. ஒவ்வோர் அலையிலும் இருக்கை எவ்வளவு பலமாக முதுகைக் குத்துகிறது என்று அளக்கும் கருவியைப் பொருத்தியவளே நான்தான். அந்த எண்களின் பொருள் அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மனம் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அன்று மாலை துறைமுகத்துக்குப் போய், தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கி, வெள்ளைக்காரியின் இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சேட்டனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. பிறகு, "அப்போ அவளை நான் ஒத்தைக்கில்லா பாக்கணும்," என்றார்.

சோதனை நாளன்று துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரில் கையில் வாக்கிடாக்கியோடு நின்றேன். குடை விரித்த உடனே மடங்கிவிட்டது. வெளியே கடல் கறுத்துப் பெருத்திருந்தது. துணைக்கு ஒரு மீன்பிடிப் படகு சற்றுத் தள்ளி நின்றது. சேட்டனோடு மெக்கானிக் ஒருவரும் போனார்.

முதலில் சாம்பல் போயிற்று. அலையில் மூக்கைப் புதைத்து, ஆள் முழுக்க நனையும்படி தண்ணீரை வாரி இறைத்து, மறுபக்கம் வெளியே வந்தது. "அடிக்கத்தான் செய்யுது. ஆனா பொறுக்கலாம்," என்றது சேட்டனின் குரல். "வெட்டி வெட்டி எறங்குது. ஒரு கையில சாயா வெச்சுக் குடிக்கலாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நிக்கலாம்."

பிறகு வெள்ளைக்காரி.

சுவரிலிருந்து பார்த்தபோது முழுப் படகுக்கும் கீழே வெளிச்சம் தெரிந்தது. அலையின் உச்சியில் ஏறி, அங்கிருந்து கடலை விட்டுவிட்டாள். அவள் காற்றில் இருக்கும்போது சேட்டன் கைப்பிடியை இழுப்பதும் விழுவதற்குச் சற்று முன்னால் தள்ளுவதும் இயந்திரத்தின் சத்தத்திலேயே எனக்குக் கேட்டது. குறைந்தது, கூடியது, குறைந்தது, கூடியது. எங்கும் பிசகவில்லை. வாக்கிடாக்கியில் அவர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "எஞ்சினியரே, நீங்க இதுல இருந்திருக்கணும்."

வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பாறையில் மோதித் திரும்பிய அலை ஒன்று பக்கவாட்டில் வந்தது. அவள் அப்போது காற்றில் இருந்தாள். சாய்ந்து விழுந்தாள். அந்தச் சத்தம் சுவர்வரை கேட்டது.

"சேட்டா? கேக்கறதா? சேட்டா!"

இரைச்சல்தான் வந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மீன்பிடிப் படகு அவர்களை நோக்கி நகர்வது தெரிந்தது. பிறகு மெக்கானிக்கின் குரல், "சேட்டனு எணீக்கான் வய்யா" என்று மலையாளத்தில் சொன்னது. எழுந்திருக்க முடியவில்லையாம். அதற்குப் பின்னால் மெலிதாகச் சேட்டனின் குரல்: "ஒண்ணுமில்ல… முதுகு. படகுக்கு ஒண்ணும் பற்றல்ல, பயப்படாதீங்க."

படகுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். அவர் முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. நடக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் வேகப்படகில் இனி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

கருவிகள் தந்த எண்களையும் அன்று கேட்ட குரலையும் வைத்து அறிக்கை எழுதினேன். அமைதியான கடலில் வெள்ளையை எதுவும் தொட முடியாது. ஆனால் மழைக்காலக் கடலில் அவள் அடிக்கடி வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அதனால் சாம்பலும் அவளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் போய்ச் சேருவார்கள். போய்ச் சேர்ந்த பிறகு தண்ணீரில் கிடப்பவரைத் தூக்க, போனவர் கையில் தெம்பு இருக்கவேண்டும். சாம்பலை வாங்கலாம் என்று முடித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அதைச் சேட்டனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சரியாக்கும். நான் எழுதினாலும் இதுதான்," என்றார். பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்: "அவ எப்போ போறா?"

"நாளைக்கு லாரி வரது."

"ம்."

அவருக்குப் பதிலாக நான் வழியனுப்பப் போனேன். கிரேன் அவளைத் தூக்கி லாரிமேல் வைத்தது. அடியில் வெட்டியிருந்த அந்தப் படிகளை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கீழே குனிந்து போய், ஈரமில்லாத அந்த அடிப்பாகத்தில் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை எடுக்கவில்லை.

மகள் பிறந்தாள். அவளை மார்பில் போட்டுக்கொண்ட நாளிலிருந்து ஒரு நாளும் அவளுக்கு எதிராக எதையும் நான் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆனாலும் ஏக்கம் போகவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. முதலில் பால் குடிக்கும் குழந்தை, பிறகு அவளுக்கு அடிக்கடி காதுவலி, பிறகு பள்ளிக்கூடம். கடலுக்குப் போகும் வேலைகள் புதிதாக வந்தவர்களுக்குப் போயின. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அவர்கள் நனைந்து கொண்டுவரும் எண்களை நான் காய்ந்த மேஜையில் உட்கார்ந்து வரைபடமாக்கினேன். ஒருமுறை குடும்பத்தோடு பொன்முடிக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் என் உடம்பு தானாகச் சாய்ந்து கொடுத்தது. வலதுகை எதையோ பிடித்திருப்பதுபோல மடியில் இறுகியிருந்தது. "வண்டியை நான்தானே ஓட்டறேன்?" என்று கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மேலே போய்ப் பனியைப் பார்த்தபோது அது அலையின் நுரையாகத்தான் தெரிந்தது.

சேட்டன் தம்பானூரில் தன் மைத்துனரின் லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெரு. முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருப்பார். மதியச் சாப்பாடு முடிந்து நான் அங்கே போவது வழக்கமாயிற்று. சாயா வரும். அவர் கைப்பேசியில் படகுப் பந்தய வீடியோக்களைப் போடுவார். எந்தெந்தக் கடலிலோ, யார் யாரோ. சத்தத்தை அணைத்துவிட்டு, "இப்போ குறைச்சான்… இப்போ கூட்டணும்… ஐயோ, தாமசிச்சுப் போச்சு," என்பார். சாவி கேட்டு வந்தவர்கள் கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் கேட்டேன்: "வெள்ளைக்காரிமேல கோபம் உண்டா சேட்டா?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கோபமா? எதுக்கு? காலத்த எந்திரிக்கும்போது முதுகு பிடிக்கும். அப்போ அவ நெனப்பு வரும். அதுக்காகவே மெதுவா எந்திரிப்பேன்."

அவளைக் கோவா பக்கம் யாரோ வாங்கியதாகக் கேள்வி. நிறத்தையும் மாற்றியிருப்பார்கள்.

சென்ற இடவத்தில், விடுதிக்காரர் வாங்கியிருந்த அந்தச் சாம்பல் படகு புது இயந்திரங்கள் பொருத்தி வந்தது. கொந்தளிப்பில் ஓட்டிப் பார்த்துச் சான்று தரவேண்டும். போகவேண்டிய இளம் பொறியாளருக்குக் காய்ச்சல். அலுவலகத்தில் தேதியைத் தள்ளிவைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் போறேன்," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது கணவர், "போயிட்டு வா. அவளை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிண்டு வந்துடறேன்," என்றார். அம்மா என் தலைமுடியை இறுக்கிப் பின்னிவிட்டாள்.

துறைமுக வாயைத் தாண்டியதும் முதல் அலை. முழங்கால், இடுப்பு, பல் எல்லாம் ஒன்றோடொன்று மோதின. பயந்தேன். இரண்டாவதிலும் பயந்தேன். பிறகு எப்போது என்று தெரியவில்லை, உடம்பு படகோடு சேர்ந்து எழும்பவும் இறங்கவும் கற்றுக்கொண்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. ஓட்டிய இளைஞன் கெட்டிக்காரன். படகும் நல்ல படகு, நான் அறிக்கையில் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பொருத்தமான படகு. அலையை வெட்டி வெட்டி இறங்கியது. இவ்வளவு நாள் ஏங்கிய இடத்தின் நடுவில் இருந்தேன். அங்கே இருந்துகொண்டே, இந்த உச்சியில் அவள் கடலை விட்டிருப்பாளே, இந்நேரம் அடியில் சத்தமே இருந்திருக்காதே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் வழிந்தது கடல் தண்ணீர் மட்டும் இல்லை. அந்தப் பையன் பார்க்கவில்லை, அவனுக்கு அலைகளைப் பார்க்கவேண்டியிருந்தது.

கரை இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே தம்பானூருக்குப் போனேன். உப்புப் பூத்த சட்டையோடு லாட்ஜுக்குள் நுழைந்த என்னைப் பார்த்ததும் சேட்டன் தலையணையை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார்.

"போயிட்டு வந்தியளா?"

"போயிட்டு வந்தேன்."

"இருங்க, இருந்து சொல்லுங்க. முதல்லேருந்து."

சொன்னேன். ஒவ்வோர் அலையாக, கையால் வளைத்துக் காட்டிச் சொன்னேன். காற்று எங்கிருந்து என்று கேட்டார். இறங்கும்போது மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் வலதுகை மேஜைமேல் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"அந்த எடத்துல வெள்ளைக்காரியா இருந்தா…" என்று தொடங்கினார்.

"ஆமா சேட்டா," என்றேன். "நானும் அதைத்தான் நெனைச்சேன்."

அப்போது ரயிலிலிருந்து இறங்கிய ஒரு திருநெல்வேலிக் குடும்பம் பெட்டிகளோடு உள்ளே வந்தது. அறை கிடைக்குமா, வெந்நீர் வருமா, கோயிலில் எப்போது நடை திறப்பார்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். சேட்டன் பொறுமையாகப் பதில் சொல்லி, சாவியை எடுத்துக்கொண்டு அவர்களோடு மாடிப்படி ஏறினார். முதுகை நிமிர்த்தி, கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக. எனக்குச் சொல்ல இன்னும் பாதி பாக்கி இருந்தது. சோபாவில் உட்கார்ந்து அவர் இறங்கி வரக் காத்திருந்தேன்.