உடைந்த ஊசி ரிஜிஸ்டரின் முதல் வரி

தரம் பார்க்க பையர் அனுப்பும் க்யூசி மூன்று மணிக்கு வருகிறார். மணி பதினொன்று. எங்கள் நீடில் டிடெக்டர் நல்ல துணிக்கும் கத்திக்கொண்டிருந்தது.

வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடைந்து, முனை துணிக்குள் தங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இந்த மிஷினின் பெல்ட்டில் உருப்படியை வைத்து உள்ளே விட்டால், இரும்பு இருந்தால் கத்தும், பெல்ட் நின்றுவிடும். இரண்டாயிரங்களின் நடுவில், இது இல்லாதவர்களுக்குக் குழந்தைத் துணி ஆர்டர் கிடையாது என்று பையர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மண்ணரைப் பகுதியில் ஆறு சின்ன தையல் யூனிட்டுகள் சேர்ந்து ஒரு ஷெட்டைப் பொதுவாகப் பிடித்து, ஒரு காஜா மிஷினை முறை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். டிடெக்டரையும் அப்படியே கூட்டாக வாங்குவது என்று பேசி முடித்தார்கள். அதில் ஒரு யூனிட்டின் ஓனர் பழனிசாமி அண்ணன். நான் அவரிடம் செக்கிங் சூப்பர்வைசர். "அம்மிணி போய்ப் பாத்துட்டு வரட்டுமுங்க" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

பெருமாநல்லூர் குடோன் ஒன்றில் பழைய மிஷின் இருந்தது. ஒரு பனியனில் ஊசி முனையைச் செருகி இருபது தடவை விட்டேன். இருபது தடவையும் பிடித்தது. என் வாயை நம்பித்தான் ஆறு பேரும் வாங்கினார்கள்.

வந்த அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. சந்தனம் வைத்து, சூடம் காட்டி, திருஷ்டிக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலையிலிருந்து இந்தக் கத்தல்.

முதலில் பெண்களைச் சந்தேகப்பட்டேன். "கொண்டை ஊசி, ஊக்கு எல்லாத்தையும் கழட்டுங்கடி" என்று அதட்டினேன். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு வரை டப்பாவுக்குப் போயிற்று. கத்திரிகளை வெளியே அனுப்பினேன். அப்போதும் கத்தியது. குடோன்காரருக்குப் போன் போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, ஏமாந்தவன்னு நெனச்சு தலையில கட்டிட்டீகளா?"

"இல்லீங்கம்மா. நீங்களேதானுங்க இருவது தடவ உட்டுப் பாத்தீங்க."

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பழனிசாமி அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "ஏனுங்க அம்மிணி, அந்த சென்சிட்டிவிட்டி திருகைக் கொஞ்சம் கொறச்சா சத்தம் நின்னுருமில்லீங்க?"

நிற்கும். முழு ஊசியைப் பிடிக்கும், பொடி முனையை விட்டுவிடும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் ஆறு யூனிட்டிலும் மிஷின் சும்மா கிடக்கும், தைக்கிறவர்கள் வேறு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். எல்லாம் நான் பார்த்து வாங்கிய மிஷினால். என் கை திருகுக்குப் போனது. மறைத்து என்ன ஆகப்போகிறது, போனது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் போட்டார்கள். அதில் மிஷின் லைன் மட்டும்தான், ஃபேனுக்குக் கிடையாது. வேர்க்க வேர்க்க உருப்படிகளை விட்டோம். பத்து போனது, ஐம்பது போனது. சத்தமே இல்லை. "தானாவே சரியாயிருச்சுங்க" என்று அண்ணன் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, மிஷின் கத்தியது.

எல்லோரும் மிஷினையே முறைத்துக்கொண்டிருந்தோம். மடிப்பு டேபிளில் இருந்த ஜெயா மட்டும் மேலே பார்த்தாள்.

"யக்கா, அது ஆடுதுக்கா."

மிஷினின் வாய்க்கு மேலே, முந்தின சாயங்காலம் திருஷ்டிக்கு நான் கட்டிய எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். நூலில் கோத்தால் அறுந்து விழும் என்று கட்டுக்கம்பியில் கோத்திருந்தேன், அதுவும் நூலே பிழைப்பான ஊரில். இந்த மிஷின் அசைகிற இரும்பைத்தான் பார்க்கும். ஃபேன் காற்றில் ஆடிய என் கம்பியைத்தான் காலையிலிருந்து அது பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கம்பியை அறுத்தேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தோம். நூறு உருப்படி சத்தமில்லாமல் போனது. அப்பாடா என்று அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எல்லாரு ஊக்கையும் கழட்டினீங்க, உங்க ஊக்கு மேல தொங்குச்சுங்களே அம்மிணி" என்றார் அண்ணன். குடோன்காரருக்கு மறுபடி போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, "உடுங்கம்மா, மிஷின் நல்லாருக்குன்னு இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார்.

மூன்று மணிக்கு க்யூசி வந்தார். பொடி இரும்புக் குண்டு பதித்த டெஸ்ட் கார்டை பெல்ட்டில் ஒன்பது இடத்தில் வைத்து உள்ளே விட்டார், ஒன்பதும் பிடித்தது. அடுத்து உடைந்த ஊசி ரிஜிஸ்டரைக் கேட்டார். உடைகிற ஒவ்வொரு ஊசியின் துண்டுகளையும் டேப் போட்டு ஒட்டி, யார் ஓட்டிய மிஷின் என்று எழுதிவைக்கும் நோட்டு அது. திறந்தால், முதல் வரியில் கட்டுக்கம்பி. பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து: ஆபரேட்டர் முத்துலட்சுமி, காரணம் திருஷ்டி. என் பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. க்யூசி இரண்டு முறை படித்துவிட்டு, சிரிக்காமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எல்லா பீஸும் கெடச்சுதா?"

"கெடச்சுது சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து மிஷின் மறுபடி கத்தியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்கள், மேலே ஒன்றுமில்லை. உருப்படியைப் பிரித்தோம். கைக்குழந்தைச் சட்டையின் கழுத்துத் தையலுக்குள், அரை அரிசி அளவுகூட இல்லாத ஊசி முனை. திருகைக் குறைத்திருந்தால் அது பெட்டிக்குப் போயிருக்கும். ரிஜிஸ்டரில் என் கம்பிக்குக் கீழே இரண்டாவது வரியில் அதை ஒட்டினேன்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த வரை எந்த மிஷின் கத்தினாலும் முதலில் நான் என்ன செய்தேன் என்றுதான் பார்ப்பேன். அந்தத் திருகின் மேல் துணி நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டோம். முடிச்சுப் போட்டவர் பழனிசாமி அண்ணன்.