தப்பான முகவரியில் பதக்கம்

என் கணவர் ராணுவத்தில் சேர்ந்தபோது ஞானஸ்நானப் பெயரையும் தூத்துக்குடி என்பதையும் மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கள் கடற்கரையில் ஒரே புனிதரின் பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. வீட்டுப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். எழுபத்தொன்றில் நடந்த சண்டைக்கான பதக்கம் அவர் இறந்த பிறகு வந்தது; அதே பெயருள்ள வேறொருவர் வீட்டுக்கு.

பதிவைத் திருத்தச் சொல்லி ஒரு வருடம் தனியாக அலைந்தேன். திருத்தினார்கள். பதக்கம் போன வீட்டையும் சொன்னார்கள்.

சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் கணவர் கொழும்புக்குத் தோணியில் போய்த் திரும்பாதவர். ராணுவத்தில் இருந்தவரே இல்லை. நான் விவரம் சொன்னதும், மாதா படத்தடியிலிருந்து பதக்கத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

"இம்புட்டு நாளா ஏன் வச்சிருந்தீங்க?" என்றேன்.

"எங்களது இல்லன்னு தெரியும்க்கா. கடலு அவுக சட்டையக்கூடத் திருப்பித் தரல. இதுல அவுக பேரு வெட்டியிருக்குல்லா. குடுத்தனுப்ப மனசு வரல."

வீட்டுக்கு வந்து அதை மேசைமேல் வைத்தேன். எடுத்துக் காட்ட ஒருவரும் இல்லை. யாருக்குக் காட்டப் போகிறேன் என்று அலைந்த நாளெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பதக்கத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். மாதா படத்தடியில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

பதிவில் இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. பதக்கம்தான் பழைய தப்பான முகவரியில் இருக்கிறது. பார்க்கத் தோன்றும்போது போகிறேன். அவள் காப்பி போடுகிறாள்.