மாத்துக் கறிக்கு ஒரு காரணம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்திலிருந்து எண்ணி நூற்று நாற்பது தப்படி தூரத்தில், ஒரு சந்துக்குள் குஞ்சம்மாள் மெஸ் இருந்தது. 1976 ஜூன் 7, திங்கட்கிழமை குஞ்சம்மாள் அதைத் தொடங்கினார். தாலுகா அலுவலகத்தில் மழை அளவு குறிக்கும் வேலையிலிருந்த நான் அன்று மூன்றாவது இலையில் உட்கார்ந்தேன்.

மதியம் சோறு, குழம்பு, ரசம், மோர், கூட ஒரே ஒரு கறி. அந்தக் கறி ஆகாதவர்களுக்கு அப்பளம் பொரித்துத் தருவார். அதை மாத்துக் கறி என்பார். ஆனால் அது சும்மா கிடைக்காது. ஏன் ஆகாது என்று எல்லோர் முன்னிலையிலும் காரணம் சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால்தான் அப்பளம்.

"புடிக்கலன்றது ஒரு காரணமா? புடிக்காம எத்தினி பேரு குடும்பம் நடத்திக்கினு இருக்கான்" என்பார்.

பள்ளி ஆசிரியர் தமிழழகன் முருங்கைக்காய் தொடமாட்டார். தங்கை கல்யாணப் பந்தியில் அவர் இலையோரம் குவிந்திருந்த சக்கையை ஒரு மாமா சத்தம் போட்டு எண்ணினாராம். இருபத்து மூன்று. மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சம்மாள் உடனே ஒப்புக்கொண்டார். "மானம் போன எடத்துல திரும்ப கை வைக்கக் கூடாது வாத்தியாரே. அப்பளம் எடுத்துக்க."

உரக்கடை கந்தசாமி 1981 மார்ச்சில் காசிக்குப் போய் வந்தார். காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வருவது வழக்கம். வந்த மறுநாள் இலையில் விழுந்த பாகற்காயைக் காட்டி, "இத கங்கையில வுட்டுட்டேன் தங்கச்சி" என்றார்.

"அண்ணே, நீங்க எப்ப பாவக்காய தின்னீங்க, வுடறதுக்கு? கங்கைக்கே போயி கள்ளம் பண்ணிக்கினு வந்திருக்கீங்க. புடிச்சத வுட்டிருந்தா சொல்லுங்க."

"புடிச்சதுன்னா வடையில்ல வுடணும்?"

"வுடுங்க."

கந்தசாமி அன்று பாகற்காய் முழுவதையும் தின்றார்.

மிகவும் பாவப்பட்டவர் நீதிமன்றத் தட்டச்சர் அரங்கநாதன். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று அவருடைய அப்பா பத்தாம் வகுப்பு முழுவதும் தினமும் வெண்டைக்காய் போட்டிருக்கிறார். கணக்கில் பதினோரு மதிப்பெண். அன்றிலிருந்து அதைப் பார்த்தாலே தொண்டை அடைக்கும். "தப்பு வெண்டக்காய் மேல இல்ல தம்பி, உன் மேல" என்று குஞ்சம்மாள் மறுத்துவிட்டார். ஆறு ஆண்டுகளில் ஒன்பது முறை மேல்முறையீடு செய்தார். ஒன்பதும் தள்ளுபடி.

அந்த மெஸ்ஸில் பரங்கிக்காய் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. பதினோரு ஆண்டுகளில் ஒரு துண்டுகூட இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிறவரிடம் கேள்வி கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1987 செப்டம்பர் 17, வியாழக்கிழமை, இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பேருந்தும் லாரியும் நின்றன. பல ஊர்களில் உயிர்கள் போயின. அந்த வாரத்தைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் சந்துக்கு வந்த கஷ்டம் சிறியது. காய்கறி வரவில்லை.

வியாழன் கத்தரிக்காய். வெள்ளி வாழைக்காய். சனி சேப்பங்கிழங்கு. ஞாயிறு பக்கத்து வீட்டு முருங்கைக்கீரை. அன்றோடு அப்பளமும் தீர்ந்தது.

அலுவலகமும் பள்ளியும் நடக்காததால் திங்கட்கிழமை பத்தரை மணிக்கே நாங்கள் போனபோது அடுப்பில் சோறு மட்டும் கொதித்தது. குஞ்சம்மாள் வாசற்படியில் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறி இல்லாத இலையை என்றைக்குப் போடுகிறேனோ அன்றோடு மெஸ்ஸுக்குப் பூட்டு என்று தொடங்கிய நாளில் சொன்னவர். சொன்னால் செய்கிறவர்.

"பன்னெண்டரை வரைக்கும் பாக்கறேன்" என்றார். "எதனா வந்தா எல போடறேன். வரலன்னா சோத்த ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு போங்க. நாளைக்கு வராதீங்க."

"ஒரு நாளு ரசஞ்சோறு துன்னா செத்தாபூடுவோம், அக்கா?" என்றார் தமிழழகன்.

"நீ சாவ மாட்ட வாத்தியாரே. என் சொல்லு செத்துப்பூடும்."

பத்தே முக்காலுக்கு வேடியப்பன் வந்தார். கல்வராயன் மலைக்காரர். திங்கள்தோறும் புளியும் தேனும் கொண்டுவந்து போடுகிறவர். முந்தின நாளே மலையிறங்கி, கச்சிராயபாளையத்தில் தங்கி, அங்கிருந்து வயல் வரப்பு வழியாகவே நடந்து வந்திருந்தார். தோளில் தடி, தடியின் இரு முனையிலும் கூடை. கூடைக்கு மூன்றாக ஆறு பரங்கிக்காய்.

எங்களுக்கெல்லாம் முகம் மலர்ந்தது. குஞ்சம்மாள் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

"வேடியப்பா, உனுக்கு எத்தினி வாட்டி சொல்லிக்கினு இருக்கறேன், இது வேணாம்னு?"

"வேற இன்னா இருக்குது அக்கா? மரவள்ளி புடுங்க இன்னும் நாளாவும். இதுதான் கூர மேல படுத்துக்கினு இருந்துது."

"கூர மேலயா?" என்று கேட்ட குஞ்சம்மாளின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. முந்தானையால் மூடிக்கொண்டார்.

"அக்கா, இத ஆக்குங்க. பூட்டு தேவயில்ல" என்றார் தமிழழகன்.

"நான் தொடமாட்டேன்."

அரங்கநாதன் மெதுவாக முன்னால் வந்தார். ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்.

"காரணம் சொல்லுங்க" என்றார்.

குஞ்சம்மாள் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். சட்டம் அவர் போட்டது.

"அப்ப எனுக்குப் பத்தொம்பது வயசு. ஊரு நைனார்பாளையம். பொண்ணு பாக்க வந்தாங்க. எங்க வூட்டுக் கூர மேல பானையாட்டம் ஒரு பரங்கிக்கா. வர்றவங்க பாக்கட்டும்னு எங்கப்பா அறுக்காம வச்சிருந்தாரு. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தரு. மீச இம்மாம் பெருசு. கூர எறவாணத்துக்குக் கீழ பாய் மேல உக்காந்துக்கினு, 'பொண்ணுன்னா சத்தமே வரக்கூடாது, எங்க வூட்ல அமைதி முக்கியம்'னு சொல்றாரு. சொல்லி வாய மூடல. மேல இருந்து தொப்புனு வந்து அவரு முன்னால வெத்தலத் தட்டுல வுழுந்து ஒடைஞ்சிது. மீச பூரா வெதை. ஒருத்தரும் பேசல. நான் சிரிச்சிட்டேன்."

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மாட்டுக் கொட்டாயில போயி நின்னும் சிரிப்பு நிக்கல. எட்டிப் பாத்தா மாப்பிள்ளயும் சிரிச்சிக்கினு இருக்காரு. அத்தன பேருல நாங்க ரெண்டு பேருதான். அதுலதான் மாமாவுக்குக் கோவம். 'வண்டியப் பூட்டு'ன்னு கௌம்பிட்டாங்க. அந்த மாப்பிள்ளப் புள்ள வண்டியில போவும்போதும் சிரிச்சிக்கினே போச்சி."

"அப்புறம்?" என்றார் கந்தசாமி.

"அப்புறம் இன்னா? ரெண்டு வருசம் கழிச்சி எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்தாங்க. தங்கமான மனுசன். பல்லு வலி வந்தா மட்டும்தான் பல்லக் காட்டுவாரு. செத்து பதிமூணு வருசமாவுது, கொற சொல்லக் கூடாது." கையிலிருந்த பூட்டைத் திருப்பிப் பார்த்தார். "பரங்கிக்காய அறுத்தா எனுக்குச் சிரிப்பு வரும். சிரிச்சி முடிஞ்சதும் இன்னொண்ணு வரும். அது வேணாம்னுதான்."

அரங்கநாதன் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தீர்ப்பு வாசிப்பதுபோல, "ஒத்துக்கினோம்" என்றார்.

ஒப்புக்கொண்டால் மாத்துக் கறி தந்தாக வேண்டும். அப்பளம் இல்லை. அப்போது வேடியப்பன் துண்டு முனையில் முடிந்திருந்த பச்சைச் சுண்டைக்காயை எடுத்து நீட்டினார். தன் சாப்பாட்டுக்கு வழியில் பறித்தது. இரண்டு கைப்பிடி, ஓர் இலைக்குத்தான் போதும்.

"நீங்க கொல்லப்பக்கம் போய் உக்காருங்க அக்கா. இந்தப் பக்கம் திரும்பாதீங்க" என்றார் தமிழழகன். குஞ்சம்மாள் போனார். பூட்டும் கையோடு போனது.

பதினொன்று இருபதுக்குச் சமையல் தொடங்கியது. தோல் சீவும் வேலை எனக்கு. சதையில் பாதி தோலோடு போனதை ஒப்புக்கொள்கிறேன். கந்தசாமி ஒருமுறை உப்புப் போட்டார். அவர் போடவில்லை என்று நினைத்துத் தமிழழகன் ஒருமுறை போட்டார். கடுகு கருகியது. எல்லாவற்றிலும் பெரிய காயை, நாலரைக் கிலோ இருக்கும், அரங்கநாதன் பரண்மீதிருந்த அரிவாளை எடுப்பதற்காக இடுப்பில் இடுக்கிக்கொண்டு எக்கினார். காய் நழுவியது.

தொப்பென்று சத்தம். கல்தரையில் மூன்றாகப் பிளந்தது.

கொல்லைப்புறத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. குஞ்சம்மாள் சிரித்து அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை. சின்னப் பெண்ணின் சிரிப்பு போல விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் வந்தது. பிறகு நின்றது.

எங்களுக்குப் பயமாகிவிட்டது. அந்த இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்தோம். அரங்கநாதன்தான் பதறிக்கொண்டு ஓடினார்.

"தெரியாம வுட்டுட்டேன் அக்கா" என்று கொல்லைக் கதவில் போய் நின்றார். அவர் மீசையில் இரண்டு விதை ஒட்டியிருந்தது.

குஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கண் நனைந்துதான் இருந்தது. விதையைப் பார்த்தார். கையை நீட்டிக் காட்டினார், பேச முடியவில்லை. அரங்கநாதன் மீசையைத் தடவிப் பார்த்து, விதையைக் கையில் எடுத்து, "ஐயோ" என்றார். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. அன்று சாப்பிட வந்தவர்கள் பதினாறு பேர், வேடியப்பன் ஒருவர், குஞ்சம்மாள். பதினெட்டுப் பேரும் சிரித்தோம்.

ஒன்று ஐம்பதுக்கு இலை போட்டோம். முதல் இலை குஞ்சம்மாளுக்கு. பதினோரு ஆண்டுகளில் அவர் எங்களோடு பந்தியில் உட்கார்ந்தது அன்றுதான். சுண்டைக்காயைத் தட்டி வதக்கிக் கந்தசாமி பரிமாறினார். எங்கள் இலைகளில் உப்புக் கரித்த பரங்கிக்காய்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டார் குஞ்சம்மாள்.

"சாப்பிட முடியல" என்றார் தமிழழகன்.

"புடிக்கலன்றது காரணமில்ல வாத்தியாரே. துன்னு."

தின்றோம். பூட்டு அவர் இலைக்குப் பக்கத்தில் கிடந்தது. கை கழுவி வந்து அதை ஆணியில் மாட்டினார்.

செப்டம்பர் 24, வியாழக்கிழமை, சாலை திறந்தது. சின்னசேலத்திலிருந்து வந்த முதல் வண்டியில் வெண்டைக்காய்தான் இருந்தது. அரங்கநாதன் இலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பத்தாவது முறையாக வாய் திறப்பதற்குள், குஞ்சம்மாள் இரண்டு அப்பளத்தை அவர் இலையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போனார்.