திரைக்கு வைத்த சந்தனம்

முண்டியம்பாக்கம் தாண்டும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, பூஜையில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலம். விழுப்புரத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். பஸ் ஏறியிருக்கலாம், ஏறத் தோன்றவில்லை. அன்று பகல்தான் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

விழுப்புரம் பொருட்காட்சியில் 3டி கொட்டகை வேலை. 'மாபெரும் திரை' என்று வெளியே பேனர் கட்டியிருந்தோம். திரை உண்மையிலேயே ஒரு மாடி வீட்டு உயரம். கம்ப்யூட்டரில் செய்த குட்டிப் படங்கள் மூன்று ஓடும், ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். சுரங்கத்துக்குள் தறிகெட்டு ஓடும் தள்ளுவண்டி, பல்லைக் காட்டும் எலும்புக்கூடு, கடலுக்கடியில் மீன் கூட்டம். நான் வாசலில் கண்ணாடி கொடுப்பேன், ஆட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கித் துடைத்து வைப்பேன். ஒருநாள் மரக்காணம் பக்கத்துக் கடல்காரர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கையை நீட்டி மீனைப் பிடிக்கப் பார்த்தார்.

"கடல்ல புடிக்கத் துப்பில்ல, இங்க வந்து புடிச்சிக்கினு கீறியா?" என்றாள் அவர் மனைவி. கொட்டகையே சிரித்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. இதில் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தீபாவளி முடிந்து கொட்டகை பாண்டிச்சேரிக்குப் போகும்போது என்னைப் படம் ஓட்டும் மெஷின் பக்கம் சேர்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். வேறு எதையும் நான் அந்த அளவுக்கு வேண்டும் என்று நினைத்ததில்லை.

ஆயுத பூஜை அன்று, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லிவிட்டு முதலாளி பூசணிக்காய் வாங்கப் போனார். ஜெனரேட்டர், டிக்கெட் பெட்டி, இரண்டு புரொஜெக்டர், ஃபேன் எல்லாவற்றுக்கும் வைத்தேன். திரை பாக்கி இருந்தது. எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான், அதை எப்படி விடுவது. ஏணி போட்டு ஏறி, நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

மெஷின் ஓட்டும் ஆபரேட்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அது சாதாத் துணி இல்லை, மேலே வெள்ளி நிறத்தில் பூச்சு இருக்கிறது, அந்தப் பூச்சு இருந்தால்தான் கண்ணாடி வழியாகப் படம் எழுந்து வரும் என்று அப்போதுதான் சொன்னார். முதலாளி வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். சந்தனத்தோடு பூச்சும் வந்துவிட்டது.

மறுநாள் விஜயதசமி. முதல் ஆட்டத்தில் மீன்கள் முகத்துக்கு நேராக வந்தன. நடுவில் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டிரண்டாகக் கலங்கின. ஜனங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார்கள். கண்ணாடி சரியில்லை என்று என்னைத்தான் திட்டினார்கள். நானும் வேறு கண்ணாடி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி பின்வரிசையில் நின்று பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டார். சந்தனம் வைத்ததையும் துடைத்ததையும் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் வைய்யின்னு சொன்னது நான்தான். சாமி காரியம், அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது."

"பாண்டிக்கு நானும் வர்றேங்க, மொதலாளி."

"வேணாம்பா. உன்னப் பாத்தா எனக்குத் திரையில கீற அந்த ஓட்டைதான் தெரியுது."

சரிங்க என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். ஆபரேட்டர் உள்ளே அடுத்த ஆட்டத்துக்கு மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

விக்கிரவாண்டியில் கால் ஓய்ந்துபோய் பஸ் ஏறினேன். திண்டிவனம் பஸ் நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

காலையில் நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய மல்லாட்டை மண்டி ஒன்றின் வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று மேஸ்திரி கேட்டார். 3டி என்று சொன்னால் அதை விளக்க வேண்டியிருக்கும்.

"கெடச்ச வேலைங்க" என்றேன்.

களத்தில் கொட்டிக் கிடந்த ஈர மல்லாட்டையைக் காட்டி, வெயில் ஏறுவதற்குள் பரப்பிவிடச் சொன்னார்.