ரீங்காரம் நின்ற கடிகாரம்

நல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவருடைய கைக்கடிகாரத்தை என் கையால் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, இதை வேறு யாரோ கெடுத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அந்த யாரோ தன் தம்பிதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் பழைய ட்யூனிங் ஃபோர்க் வாட்ச். ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே பிடிப்போமே, அந்த இசைக்கவைதான். அதைச் சின்னதாகச் செய்து வாட்சுக்குள் வைத்திருப்பார்கள். பேட்டரியும் காயில் எனப்படும் இரண்டு கம்பிச்சுருள்களும் அதை அதிரவைக்கும். டிக் டிக் என்ற சத்தம் கிடையாது. டப்பாவில் அடைத்த தேனீ மாதிரி ஒரு ரீங்காரம் இருக்கும். விநாடி முள் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இவற்றை இப்போது யாரும் செய்வதில்லை. விற்க வருவதில் பாதி ஏமாற்று. முகப்புக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒன்றின் கூட்டில் இன்னொன்றின் மெஷின் இருக்கும். உள்ளே சாதாரண குவார்ட்ஸை வைத்து அனுப்பிய ஆளும் உண்டு. அவன் அனுப்பிய வீடியோவில் முள் தாவித் தாவிப் போனதை ஆசையில் நான் கவனிக்கவில்லை. அதன் பிறகு எதையும் நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை. காதுக்குப் பின்னால் துருத்தும் எலும்பில் வாட்சை அழுத்திக் கேட்பேன். எங்கள் தெருவில் எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் நிட்டிங் மெஷின் ஓயாமல் ஓடும் என்பதால், கொண்டுவருபவர்களை ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொல்வேன்.

"பொண்ணு பாக்க வரச்சொல்ற மாதிரி நாளெல்லாம் குறிச்சுக் குடுக்கறீங்க" என்பாள் மனைவி.

ஊரில் இந்த வாட்சைப் பற்றிச் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமை வேறு இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் வந்தார். கைக்குட்டையில் சுற்றிய வாட்சை மேசைமேல் வைத்தார்.

"அப்பாவோடதுங்க சார். ஏற்றுமதி ஆரம்பிச்ச காலத்துல வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் தன் கையிலிருந்து கழட்டிக் குடுத்தாராமா. இத்தன நாள் தம்பிகிட்ட சும்மா கெடந்துச்சு. பங்கு பிரிச்சப்ப எனக்கு வந்துச்சு. ஒரிஜினல்தானுங்களான்னு பாத்துச் சொல்லிப்போடுங்க."

பல வருடங்களாக நான் தேடிக்கொண்டிருந்த மாடல் அது. பின்மூடியைத் திறந்து புது பேட்டரி போடுவதற்குள் அவருக்கு போன் வந்தது. ஏதோ சரக்கு துறைமுகத்தில் நிற்கிறதாம். வாசலுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்.

பேட்டரி உட்கார்ந்ததும் வாட்ச் பாடியது. எலும்பில் வைத்துக் கேட்டேன், அப்பழுக்கில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மெஷினின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட வேண்டும், அவர் திரும்பி வருமுன் இதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று முடிவு செய்துவிட வேண்டும் என்று ஒரு பரபரப்பு. பித்தளைத் திருப்புளியைத் தேடப் பொறுமையில்லாமல் கையில் கிடைத்த இரும்புத் திருப்புளியை எடுத்தேன். இசைக்கவையின் இரு முனைகளிலும் காந்தம் இருக்கிறது. காந்தவியல் பாடம் எடுத்தே தலை நரைத்தவன் நான். காந்தம் திருப்புளியை வெடுக்கென்று இழுத்தது. முனை போய்க் கம்பிச்சுருளில் குத்தியது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. ரீங்காரம் நின்றது.

அவர் உள்ளே வந்தார். "என்னங்க சார், ஓடுதுங்களா?"

"இல்லீங்க. உள்ள நல்ல காயிலை எடுத்துட்டுச் செத்த காயிலை வச்சிருக்காங்க. யாரோ ஏற்கெனவே தெறந்திருக்காங்க."

அவர் முகம் சுருங்கியது. "தம்பிகிட்டதானுங்களே இருந்துச்சு?"

"யாருன்னு நான் எப்படிங்க சொல்ல முடியும்?" என்றேன். தம்பிதான் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட அவர் ஒருவேளை என்னோடு சண்டை போட்டிருப்பார்.

பங்கு பிரித்த பிறகும் இரண்டு வீடுகளுக்கும் போக்குவரத்து இருந்தது. அது நின்றது. அடுத்த வருடம் தம்பி மகளின் கல்யாணம். ஊர்ப்பழக்கத்தில் எங்களையும் அழைத்திருந்தார்கள். முகூர்த்தம் முடியும்வரை தம்பி மண்டப வாசலைப் பார்த்தபடியே இருந்தார். பெண்ணின் பெரியப்பா வரவில்லை. பந்தியில் எனக்கு அடுத்த இலைக்காரர், "வாட்சுல இருந்ததத் திருடி வித்துப்போட்டானாம்" என்று காதோடு சொன்னார். நான் பாயசத்தைத் தொடாமல் எழுந்தேன்.

அதற்குப் பிறகு எந்த வாட்சைக் கேட்டாலும் நிம்மதியில்லை. எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி நடப்பேன். "ஊட்டுக்குள்ளயே ஊர்வலம் போறீங்களே, என்னன்னு சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி. சொன்னேன். அவள் திட்டவில்லை. "என்கிட்டச் சொல்லி என்ன பண்றது?" என்றாள்.

என்னிடமிருந்தவற்றில் மிக நல்ல வாட்சைத் திறந்து அதன் கம்பிச்சுருளைக் கழற்றினேன், பித்தளைத் திருப்புளியால். அதோடு நல்லூருக்கு, அண்ணனின் கம்பெனிக்குப் போய், நடந்ததைச் சொல்லி, சரிசெய்து தருகிறேன் என்று அவர் வாட்சைக் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு பனியனை எடுத்துத் தோள்தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"புள்ளையத் தூக்கி வளத்தவனுங்க நான். அவ கல்யாணத்துக்குப் போகலீங்க."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"என்கிட்ட எதுக்குங்க? அவங்கிட்டப் போயிச் சொல்லுங்க" என்றார். வாட்சை மட்டும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார்.

தம்பிக்குக் காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை. வடக்கத்தி வியாபாரி ஒருவரிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர், அவரை உட்காரவைத்துவிட்டு என்னைப் பின்னால் பண்டல்களுக்கு நடுவே அழைத்துப்போனார். முழுவதும் சொன்னேன். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நீங்க சொன்னது பொய்ங்க சார், சரி. அண்ணன் அத நம்புனது பொய்ங்களா? 'ஏண்டா எடுத்தே'ன்னு ஒரு வார்த்த வந்து கேட்டிருந்தா, அடிச்சிருந்தாக்கூட, தாங்கியிருப்பனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "போயிட்டு வாங்க" என்று வியாபாரியிடம் திரும்பிவிட்டார். அவர் சொன்னதை அப்படியே போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கம்பிச்சுருளை மாற்றினேன். வாட்ச் பாடியது. வாங்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேருமே வரவில்லை. வாரக்கணக்கில் அது என் மேசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் நின்றது. அண்ணன் இறங்கி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை.

"வண்டியில தம்பி இருக்கான். அவங்கிட்டக் குடுங்க. ஓடுதான்னு அவன் பாக்கட்டும்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தம்பி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வாட்சைக் கொடுத்தேன். எலும்பில் வைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காதில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. நெற்றி சுருங்கியது. கையை நீட்டி இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி வைத்தார். தெருவே அடங்கியிருந்தது. நெற்றிச் சுருக்கம் விலகியது. பிறகு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அண்ணனிடம் அதை நீட்டினார். அண்ணன் வாங்கிக் காதில் வைத்தார்.

ஜன்னல் கண்ணாடி மேலே ஏறியது. தம்பி மகளுக்குக் குழந்தை பிறந்து, அந்தப் பேத்தியைத் தொட்டிலில் போட்ட சீருக்குத் தம்பி வீட்டுக்கு அண்ணன் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களை அழைக்கவில்லை.