முதலை கடித்த விரல்கள்

என் தாய்மாமாவின் இடது கையில் நடுவிலுள்ள மூன்று விரல்களும் பாதியிலேயே நின்றுவிட்டவை. சுண்டுவிரலைச் சுற்றி, இறுக்கமான மோதிரத்தைக் கழற்றிய இடம்போல ஒரு பள்ளம். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் முதலை கடித்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்தார். தொடக்கநிலை ஒன்று படிக்கும்போது அதை வகுப்பு முழுவதும் தண்டோரா போட்டு நான் நல்ல மரியாதை சம்பாதித்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் பெண் பார்க்க புக்கிட் மேராவுக்குப் போனோம். முன்பு பார்த்த இரண்டு வீடுகளிலும், கையைக் கண்டதும் "யோசிச்சுச் சொல்றோம்" என்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, முதல்லயே சொல்லிடலாமே," என்றார் மாமா. அம்மா காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரு பதவி கொடுத்தார்.

"மாமாவோட லெஃப்ட் கையப் பிடிச்சுக்கிட்டே இரு. விடவே கூடாது, ஓகே?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தேக்கா சந்தையில் பூ வாங்கும்போதே பிடித்தவள், அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

அப்புறம் உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் வந்தது. சுடச்சுட இருந்ததை ஒரு கையால் பிய்க்க முடியவில்லை. விட்டுவிட்டேன்.

கூடத்தில் எல்லார் கண்ணும் மாமாவின் கைக்குப் போனது. பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நிலைமையை நான்தான் காப்பாற்றியாக வேண்டும்.

"முதலை கடிச்சிருச்சு," என்றேன், வாய் நிறையக் கறிபாப்போடு.

பெண் மட்டும் சிரித்துவிட்டார். மாமாவைப் பார்த்து, "நிஜமாவா?" என்று கேட்டார்.

"இல்ல லா. பொறக்கும்போதே இப்படித்தான். வயித்துல குழந்தையச் சுத்தி ஒரு பை இருக்குமில்ல, அது உள்ளுக்குள்ள கிழிஞ்சு, நூல் மாதிரி விரல்ல சுத்திக்கிச்சாம். அதுக்கு மேல விரல் வளரல. பரம்பரையா வர்றது இல்லன்னு டாக்டர் சொன்னாரு. நீங்களும் வேணும்னா கேட்டுப் பாருங்க."

பெண் தட்டிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்து மாமாவின் இடது கைப்பக்கம் நீட்டினார். மாமா அதைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டார். அம்மா ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே அந்தப் பெண் எனக்கு அத்தையாகிவிட்டார். இப்போதும் எங்காவது கறிபாப் வாசனை வந்தால் அந்தக் கூடத்துக்கே போய்விடுகிறேன். ஆனால் அன்று எம்ஆர்டி ரயிலில் திரும்பி வரும்போது நான் மாமாவின் கையைத் தொடவேயில்லை. அவ்வளவு கோபம். என்னிடம் உண்மையைச் சொன்ன மனிதர், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் போய், வயிற்றுக்குள் நூல் சுற்றியதென்று இப்படியா வாய்கூசாமல் புளுகுவார்?