இன்டர்வியூவுக்கு வந்தவர்கள்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டின் சோபாவில் ஒரு நாள் மத்தியானம் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை; அம்மாவுக்குத் தெரிந்தார்கள்.

"ஊர்லேருந்து இன்டர்வியூவுக்கு வந்திருக்காவ. சாப்பாடு எடுத்து வைல" என்றாள்.

அம்மாவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷமாகிறது. இல்லாதவர்கள் தெரிவதுதான் புதிது. ஆனால் அந்த மூவர் யாரென்று எனக்குப் புரிந்தது. கோல் மார்க்கெட் பக்கம் அப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பரீட்சை, இன்டர்வியூ என்று டெல்லிக்கு ரயிலேறியவர்களெல்லாம் எங்கள் வீட்டில்தான் பெட்டியை இறக்கினார்கள். யாருக்கு என்ன உறவு என்றுகூட அம்மா கேட்டதில்லை. வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் அவள் தட்டைத் தொடுவாள்.

இதையெல்லாம் மறந்துவிட்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "அவியல்லாம் கிளம்பிப் போயாச்சும்மா" என்றேன். வேறு வீடாக இருந்தால் எடுபட்டிருக்கும்.

"சாப்பிடாமலா அனுப்புன? நம்ம வீட்லேருந்தா?"

இரண்டு நாள் அவள் சோற்றைத் தொடவில்லை. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தாள். இன்னும் எடை குறைந்தால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் சோபாவுக்கு எதிரே மூன்று தட்டு வைத்துச் சாதமும் தேங்காய்ப்பால் சொதியும் பரிமாறினேன். என் சமையலைக் குறை சொல்லாத விருந்தாளிகள் அவர்கள் மட்டும்தான். "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று அவர்களை உபசரித்த அம்மா, "ரசத்தை ஊத்துல, ஜல்தி" என்று என்னை விரட்டினாள். பிறகு தானும் வயிறாரச் சாப்பிட்டாள்.

விஷயம் கேட்டுத் தம்பி போனில் கத்தினான். "நீயும் சேர்ந்து கூத்தடிக்கியா?"

"ஆமா" என்றேன்.

நேற்று நான்கு தட்டு வேண்டும் என்றாள். நான்காவது யாருக்கு என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் தம்பி. எந்த ஊரு? இன்டர்வியூக்கா?"

நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவன். "ஆமாம்மா" என்றேன். அவளே எழுந்து எனக்குச் சாதம் போட்டாள்.

"வேலை கிடைக்குத வரைக்கும் இங்கனயே இருங்க, என்னா?"

அழுகை வந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. யாரென்றே தெரியாத ஒருவனை இப்படி உட்காரவைத்துச் சோறு போடுகிறாளே, இவள் என் அம்மா. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி, கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.